பன்னிரண்டு வயதுக்கும் பெரியவர் அளவுக்கும் நடுவில்

நேயர்களுக்கு வணக்கம்.

துணிக்கடையில் உடை மாற்றும் அறைக்கு வெளியே காத்து நிற்கும் பெற்றோரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களில் பலர் அந்த இடத்தில் நின்றும் இருப்பீர்கள். உள்ளே பன்னிரண்டு வயதுப் பிள்ளை. கதவின் மேல்விளிம்பில் நான்கைந்து கால்சட்டைகள் தொங்குகின்றன. ஒன்றில் இடுப்புப் பொத்தான் போட வரவில்லை. அடுத்த அளவில் பொத்தான் போட முடிகிறது, ஆனால் கால்கள் பாதத்தைத் தாண்டி ஒரு சாண் தரையில் புரள்கின்றன. பெரியவர்கள் பிரிவிலிருந்து கொண்டுவந்த மிகச் சிறிய அளவோ, இடுப்புக்கும் தொடைக்கும் நடுவில் பை போலத் தொங்குகிறது. "எப்படியப்பா இருக்கிறது?" என்று வெளியிலிருந்து கேட்டால் பதில் இல்லை. சற்று நேரம் கழித்து, "எனக்கு ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்" என்ற குரல் மட்டும் வருகிறது.

முப்பது ஆண்டுகளாகத் துணி வெட்டித் தைக்கும் தொழிலில் இருக்கிறேன். இப்படி அரை மனதோடு வாங்கப்பட்ட உடைகள்தான், ஓரிரு நாளில், பிடிக்கவும் பிரிக்கவும் என்னிடம் வந்து சேர்கின்றன. கூடவே அந்தப் பிள்ளையும் வந்து, தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்பதைப் போலத் தலையைக் குனிந்து நிற்கும். கோளாறு பிள்ளையிடம் இல்லை, அளவு போடும் முறையில் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

குழந்தைகள் உடையில் ஒட்டியிருக்கும் எண் பெரும்பாலும் வயதைச் சொல்லும், அல்லது உயரத்தைச் சொல்லும். ஐரோப்பிய அளவுமுறையில் 140, 146, 152, 158, 164 என்று ஆறு ஆறு சென்டிமீட்டராக ஏறும் எண்கள் பிள்ளையின் உயரத்தைக் குறிப்பவை. உயரம் இவ்வளவு என்றால் மார்பும் இடுப்பும் தோளும் இவ்வளவுதான் இருக்கும் என்ற கணக்கில் அந்த உடைகள் வெட்டப்படுகின்றன. பெரியவர்களின் உடையோ உயரத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று ஆகியவற்றிலிருந்து தொடங்குகிறது. வளர்ச்சி முடிந்த உடம்பு என்பது அதன் அடிப்படை. ஒரு கணக்கு முடிந்து மற்றொரு கணக்கு தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஏறத்தாழப் பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரை பிள்ளைகள் அந்தப் பள்ளத்தில்தான் நிற்கிறார்கள்.

வயதைக் கொண்டு அளவு சொல்வது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில், 12 வயது நிறைந்த சிறுவர்களின் நடு உயரம் ஏறத்தாழ 149 சென்டிமீட்டர்; ஆனால் 135 சென்டிமீட்டர் உள்ள சிறுவனும் 163 சென்டிமீட்டர் உள்ள சிறுவனும் அந்த அட்டவணையின் இயல்பான எல்லைக்குள்தான் வருகிறார்கள். ஒரே வகுப்பில் ஒரே பலகையில் உட்காரும் இருவருக்கிடையே அரை முழத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் இருவருமே நலமாக வளரும் பிள்ளைகள்தான். "12 வயது" என்று எழுதிய ஒரு சட்டை இவர்கள் இருவருக்கும் எப்படிப் பொருந்தும்? இது புதிதாகத் தெரிந்த செய்தியும் அல்ல. 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் மனையியல் பிரிவு, 4 முதல் 17 வயதுவரையுள்ள ஏறத்தாழ 1,47,000 பிள்ளைகளை உடை தைப்பதற்காகவே அளந்து பார்த்தது. வயது நம்பத் தகுந்த அளவுகோல் அல்ல, உயரத்தையும் இடுப்பின் கீழ்ச்சுற்றையும் (பின்பகுதி அகன்றிருக்கும் இடத்தின் சுற்றளவையும்) சேர்த்துப் பார்ப்பதே சரி என்ற முடிவுக்கு அவர்கள் அன்றே வந்துவிட்டார்கள். ஆனாலும் கடையில் நம்மிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இன்றும், "பிள்ளைக்கு என்ன வயது?" என்பதுதான்.

இந்த வயதில் உடம்பு எப்படி வளர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெண்பிள்ளைகளுக்கு அந்த வேகமான வளர்ச்சி பெரும்பாலும் பத்து, பதினொரு வயதில் தொடங்குகிறது. ஆண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தள்ளித் தொடங்குகிறது. அது உச்சத்தில் இருக்கும் ஓராண்டில் பெண்பிள்ளைகள் 8 சென்டிமீட்டர் அளவுக்கும், ஆண்பிள்ளைகள் 9 சென்டிமீட்டருக்கு மேலும் உயரக்கூடும். ஆனால் உடம்பு முழுவதும் ஒரே சீராக வளர்வதில்லை. முதலில் பாதமும் கையும் பெரிதாகும். பிறகு கால்கள் நீளும். சில மாதங்கள் கழித்துத்தான் நடு உடம்பு நீளும். பெண்பிள்ளைகளுக்கு இடுப்பின் கீழ்ப்பகுதியும், ஆண்பிள்ளைகளுக்குத் தோளும் அகலும். சில பிள்ளைகளுக்கு உயரம் பிடிப்பதற்கு முன்னால் இடுப்பில் சற்றுச் சதை வைக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் பேச்சு எழும். அது பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு கட்டந்தான்.

"வளர்கிற பிள்ளை, ஒரு அளவு பெரிதாகவே எடுத்துவிடுவோம்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். சின்னக் குழந்தைக்கு அது சரி. இந்த நடுவயதுப் பிள்ளைக்கு அது பாதிதான் சரி, ஏனென்றால் இங்கே அளவோடு சேர்ந்து வடிவமும் மாறுகிறது. தோள் தொங்கும் சட்டையை இன்று வாங்கிவைத்தால், அடுத்த ஆண்டு தோள் அதை நிரப்பும் முன்பே கை நீளம் போதாமல் போய்விடும். நீளத்தில் தாராளமாக வாங்குங்கள். தோளிலும் உடம்பிலும் இன்றைய அளவுக்கே வாங்குங்கள்.

எங்கள் தொழிலில், ஓர் உடையில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்ற கணக்கு ஒன்று உண்டு. வாங்குவோருக்கும் அது தெரிந்திருப்பது நல்லது. சட்டையில் மாற்ற முடியாத இடம் தோள். தோள் தையல், தோள்பட்டை எலும்பு முடியும் மேட்டில் வந்து உட்கார வேண்டும். அது ஓர் அங்குலம் கீழே இறங்கியிருந்தால், அதைச் சரிசெய்யக் கையைப் பிரித்து, கைக்குழியை மறுபடி வெட்டி, கையைத் திரும்ப ஏற்ற வேண்டும். புதுச்சட்டை தைப்பதற்கு ஆகும் உழைப்பு அதற்கு ஆகிவிடும். உடம்பு தொளதொளவென்றிருந்தால் பக்கத் தையலைப் பிடித்துவிடலாம். கை நீளமாக இருந்தால் சுருக்கிவிடலாம். பெரியவர்களின் சட்டையில் கைக்குழி ஆழமாகவும் கழுத்து இறக்கமாகவும் இருக்கும், பெண்களின் மேலாடையாக இருந்தால் மார்புப் பகுதியில் டாட், அதாவது உடம்பின் வளைவுக்காகத் துணியை உள்ளே மடித்துப் பிடிக்கும் தையல், இருக்கும். இவை மூன்றும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உடம்பில் சுருக்கமாகவும் இடைவெளியாகவும் தெரியும். ஆகவே பெரியவர் பிரிவுக்குப் போகும்போது டாட் இல்லாத, நேர்வெட்டான, பின்னல் துணியில் தைத்த மேலாடைகளைத் தேடுங்கள். அவை பல உடம்புகளுக்கு இணங்கிக்கொடுக்கும்.

கால்சட்டையில் மாற்ற முடியாத இடம் சீட், அதாவது இடுப்புப் பட்டியிலிருந்து இரு கால்களும் சேரும் இடம்வரையுள்ள ஆழம். பெரியவர் கால்சட்டை பிள்ளைக்குப் பை போலத் தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஆழந்தான். இடுப்பைப் பிடித்துத் தைத்தாலும் அது போகாது. எனவே முதலில் பின்பகுதியும் சீட்டும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பு சற்றுப் பெரிதாக இருந்தால், பின்பக்க நடுத்தையலில் இரண்டு அங்குலம்வரை பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிடும். ஆண்களின் கால்சட்டை பெரும்பாலும் 28 அங்குல இடுப்பில்தான் தொடங்குகிறது. 25 அங்குல இடுப்போடு சட்டென்று உயர்ந்துவிட்ட மெலிந்த பையனுக்கு, உள்ளே பொத்தான் துளைகள் வைத்த எலாஸ்டிக் பட்டி ஓடும் குழந்தைகள் கால்சட்டையின் பெரிய அளவே ஏற்றது. இடுப்பில் அகன்று உயரம் குறைவாக இருக்கும் பிள்ளைக்கு, இடுப்புக்குப் பொருந்துவதை எடுத்து நீளத்தை மடித்துக்கொள்வதே வழி.

மடிக்கும்போது மிச்சத் துணியை வெட்டாதீர்கள். உள்ளே அப்படியே மடித்துப் பெரிய தையலாகப் போடச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் பிரித்துவிட வேண்டிவரும். அப்போது பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு வெளுத்த கோடு தெரியும். நீல ஜீன்ஸ் துணியில் அது எத்தனை முறை துவைத்தாலும் போகாது. பள்ளியில் மற்றப் பிள்ளைகளின் கண் அந்தக் கோட்டின் மேல்தான் விழும். அதன் மேலேயே அதே நிற நூலில் இரண்டு வரிசைத் தையல் ஓட்டிவிட்டால், ஆரம்பத்திலேயே அப்படித் தைத்ததுபோல ஆகிவிடும். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும் என்பதால், துவைத்து உலர்த்திய பிறகே மடிப்பதும் நல்லது.

உடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்பது மட்டும் போதாது. உட்காரச் சொல்லுங்கள், குனியச் சொல்லுங்கள், இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் நாள் முழுவதும் செய்வது அதைத்தானே. அடுத்து, செருப்பின் மேல் ஒரு கண் வையுங்கள். பாத அளவு திடீரென்று ஏறினால் காலும் விரைவில் நீளப்போகிறது என்று கொள்ளலாம். அந்த நேரத்தில் விலை உயர்ந்த கால்சட்டைகளை அடுக்கடுக்காக வாங்கிவைக்க வேண்டாம்.

முதல் உள்ளாடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்பிள்ளைக்கு அது தேவைப்படும் காலம் வந்ததும், கடை நடுவில் வைத்துப் பேச்சை எடுக்காமல், வீட்டிலேயே தாயோ அவள் நம்பும் மற்றொரு பெண்ணோ முன்கூட்டிப் பேசிவிட வேண்டும். கம்பி இல்லாத, மென்மையான பருத்தியில் இரண்டு மூன்று வகைகளைக் காட்டி, எது உறுத்தாமல் இருக்கிறது என்று அவளையே சொல்ல விடுங்கள்.

இனி, என் மனத்தில் நெடுநாளாக உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பதினொரு வயதுப் பெண் ஒருத்தியை அவள் தாய் என்னிடம் அழைத்து வந்தார். கடையில் வேறு சிலரும் இருந்தார்கள். நான் வழக்கம்போல இஞ்ச் டேப்பை வைத்து அளந்து, உதவிக்கு இருந்தவர் எழுதிக்கொள்ளும்படி ஒவ்வோர் எண்ணையும் உரக்கச் சொன்னேன். இடுப்புக்கு வரும்போது அந்தப் பிள்ளை வயிற்றை உள்ளே இழுத்து மூச்சை அடக்கிக்கொண்டாள். டேப்பின் கீழ் அந்த அசைவு என் விரலுக்குத் தெரிந்தது. ஆனாலும் வந்த எண்ணையே சொல்லிவிட்டேன். தைத்த உடை இறுக்கமாக வந்தது. அவள் மூச்சு விட்டால் பிடிக்கும்படி நான் ஓர் உடை தைத்துக் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து நான் எந்தப் பிள்ளையின் அளவையும் உரக்கச் சொல்வதில்லை, நானே எழுதிக்கொள்கிறேன்.

கடையில் நாம் சொல்லும் சொற்களும் அந்த டேப்பைப் போலத்தான். "உனக்கு ஒன்றுமே சேராது", "வாயைக் கட்டினால்தானே", "குச்சி மாதிரி இருந்தால் எந்தச் சட்டை நிற்கும்" என்பனவற்றையெல்லாம் நாம் சலிப்பில் சொல்லிவிடுகிறோம். விற்பவர்களும் உரிமையோடு சொல்கிறார்கள். சொன்னவர் மறந்துவிடுவார், கேட்ட பிள்ளை மறப்பதில்லை. பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போகும் முன்பே வீட்டில் அளந்து, உயரம், தோள், மார்பு, இடுப்பு, இடுப்பின் கீழ்ச்சுற்று, உள்கால் நீளம் (இரு கால்களும் சேரும் இடத்திலிருந்து கணுக்கால்வரை) ஆகிய ஆறையும் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். விற்பவர் வயதைக் கேட்டால் இந்த அளவுகளைச் சொல்லுங்கள். மூன்று உடைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் உள்ளே அனுப்பாதீர்கள். ஒன்று பொருந்தவில்லை என்றால், "இதை வெட்டியது உன் அளவுக்கு இல்லை, வேறு பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அது ஆறுதலுக்காகச் சொல்லும் பொய்யும் அல்ல, நடந்ததே அதுதான். பெண்பிள்ளைக்கு ஆண்பிள்ளைகள் பிரிவில் உள்ள கால்சட்டை சரியாக அமைந்தால் அதை எடுத்துக்கொள்வதில் தயக்கம் வேண்டாம். மேலே இருக்கும் பலகையை உடம்பு படிப்பதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் மோன்பேயார் என்ற பிரபு, 1759-இல் பிறந்த தன் மகனை 1777 வரை, ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து எழுதிவைத்தார். ஒரே பிள்ளையின் வளர்ச்சியைத் தொடர்ந்து பதிவு செய்த மிகப் பழைய குறிப்பு அது. இன்றும் வளர்ச்சியைப் படிப்போர் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். நமக்குப் பதினெட்டு ஆண்டுகள் தேவையில்லை, இந்த ஐந்து ஆண்டுகள் போதும். அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாளைக் குறித்து ஆறு அளவுகளையும் எழுதுங்கள். பத்து வயது கடந்த பிள்ளைக்கு டேப்பை எப்படிப் பிடிப்பது என்று ஒருமுறை காட்டிக் கொடுத்தால் போதும். மூச்சை இயல்பாக விட்டுக்கொண்டு, தன் இடுப்பைத் தானே அளந்து, எண்ணையும் தானே எழுதிக்கொள்ளட்டும்.

வணக்கம்.