விரல் வெளுப்பு நின்றது மாத்திரையாலா, மார்கழி முடிந்ததாலா?

(காட்சி: காரைக்குடி வீட்டு அடுப்படி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஆச்சி ஒருவர் ஃப்ரீசரிலிருந்து மீன் பையை எடுக்கிறார். கேமரா விரலுக்கு நெருங்குகிறது.)

நகத்திலிருந்து நடுக்கணு வரை விரல் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது, அதற்குக் கீழே தோல் எப்போதும்போல இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை. கொஞ்ச நேரத்தில் நீலம் பாயும், அப்புறம் ரத்தம் திரும்பும்போது சிவந்து விண் விண்ணென்று தெறிக்கும். பிரெஞ்சு மருத்துவர் மொரீஸ் ரேனோ 1862-இல் இதை விவரித்ததால் ரேனோ நோய் என்று பெயர்.

செட்டிநாட்டு வெயிலில் குளிர் நோயா என்று கேட்பீர்கள். ஐஸ் மீன், ஏசி பஸ், ஜவுளிக்கடை ஏசி, இதுவே போதும். மனப் பதற்றத்திலும் வரும். குளிர் பட்டால் எல்லோருக்கும்தான் விரலின் ரத்தக்குழாய் சுருங்குகிறது, இவர்களுக்கு அது அளவு மீறி இறுகிக்கொள்கிறது. பெரும்பாலோருக்குத் தொல்லையோடு சரி. தோல் இறுகிப்போகும் ஸ்க்லெரோடெர்மா, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் போன்ற நோயோடு சேர்ந்து வந்தால் விரல்நுனி புண்ணாகும் வரை போகலாம், அதை வீட்டு வைத்தியத்தில் தள்ளிப்போடக் கூடாது.

மருந்து என்று பார்த்தால், முதலில் கொடுப்பது பெரும்பாலும் நிஃபெடிபின் வகை. ரத்த அழுத்தத்துக்குத் தருகிற அதே மாத்திரைதான், குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தும்.

(காட்சி: நாட்காட்டி. மார்கழித் தாள் கிழிந்து பங்குனி வருகிறது.)

சரி, இது வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? இங்கேதான் வம்பு. தொல்லை உச்சத்தில் இருக்கும் மார்கழியில் ஆட்களைச் சேர்த்து, பங்குனியில் கணக்கு முடித்தால், மருந்தே இல்லாத வெறும் சீனி உருண்டைகூட ஜெயித்துவிடும்! அதனால் அதே நாட்களில் ஒரு பாதிப் பேருக்கு மருந்து, மறு பாதிக்கு அதே மாதிரி தெரியும், மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று குலுக்கல் முடிவு செய்யும், நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சில சோதனைகளில் ஒரே ஆள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிடுவார், முதல் மருந்து உடம்பை விட்டுப் போக நடுவில் இடைவெளி விடுவார்கள்.

அளவுகோல் என்னவென்றால், ஒரு டைரி. இன்று எத்தனை முறை வெளுத்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, 0 முதல் 10 வரை எவ்வளவு தொல்லை என்று நோயாளியே தினமும் எழுத வேண்டும். கையைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, வெப்பக் கேமராவில் விரல் சூடேறும் வேகத்தையும் பார்க்கலாம்தான். ஆனால் கேமராவில் விரல் சீக்கிரம் சூடேறியது என்பதற்காக ஆச்சியின் அடுப்படித் தொல்லை குறைந்தது என்று ஆகிவிடாது, எனக்கு டைரி மேல்தான் நம்பிக்கை அதிகம்.

அதிலும் ஓர் ஓட்டை உண்டு. நிஃபெடிபின் சாப்பிட்டால் சிலருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், கணுக்கால் வீங்கும். “ஓ, நமக்கு அசல் மாத்திரைதான் வந்திருக்கிறது” என்று ஆள் கண்டுபிடித்துவிட்டால், டைரியில் மார்க்கும் தாராளமாகிவிடும்.

(காட்சி: கணினித் திரையில் சிடிஆர்ஐ, அதாவது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் தளம்.)

இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை 2009 முதல் இந்தத் தளத்தில் கட்டாயம் பதிய வேண்டும், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ரேனோ என்று தேடி ஒரு சோதனை கிடைத்தால், போலி மாத்திரைக் குழு இருக்கிறதா, முதல் ஆளை எந்த மாதம் சேர்த்தார்கள், இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.