ஏடா, கட்டடமா? கட்டடமே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பிரிட்டனில் ஏதோ ஓர் ஊரின் ஹை ஸ்ட்ரீட், அதாவது முதன்மைக் கடைத்தெரு. அதில் ஒரு கட்டடம். நூற்றைம்பது ஆண்டுகளில் எத்தனை கடைகள் அதில் குடியேறி வெளியேறின என்று அறிய ஏட்டை, அதாவது எழுத்துப் பதிவை நம்புவதா, கட்டடத்தை நம்புவதா? இதுதான் இன்றைய வழக்கு. நான் கட்டடத்தின் பக்கம். எதிரணித் தலைவர், தெருவாரியாகக் கடைகளையும் ஆட்களையும் அச்சிட்ட கெல்லி டைரக்டரியை எடுத்து வைத்தார், மக்களை எண்ணிய அரசின் குடிக்கணக்கை எடுத்து வைத்தார். "கதவு எண்ணைப் பார், பெயரைப் பார், ஆண்டைப் பார், வேலை முடிந்தது" என்றார்.

முதலில் அந்தக் கதவு எண்ணையே பார்ப்போம். ஒரு பக்கமாக 1, 2, 3 என்று ஏறி, தெருக்கோடியில் திரும்பி, மறுபக்கமாக இறங்கி வந்த எண்களைப் பல தெருக்களில் 19ஆம் நூற்றாண்டில் ஒற்றை ஒரு பக்கம், இரட்டை ஒரு பக்கம் என்று மாற்றிவிட்டார்கள். லண்டனில் 1855ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரோபாலிட்டன் போர்டு ஆஃப் வொர்க்ஸ் என்ற நகரப் பணி வாரியம் தெருத் தெருவாகப் பெயரும் எண்ணும் மாற்றியது. இது தெரியாமல் "34ஆம் எண்" என்று ஏட்டில் பின்னோக்கிப் போகிறவர், பாதி வழியில் எதிர்வீட்டுக் கடையின் வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பார்! பிழையைப் பிடிக்க நல்ல வழி, டைரக்டரியில் "இங்கே இன்ன தெரு குறுக்கிடுகிறது" என்று வரும் வரியைப் பிடித்து, இடம் மாறாத மூலைக் கட்டடத்திலிருந்து எண்ணி வருவது. ஆக, ஏட்டைத் திருத்தவும் கட்டடம்தான் வர வேண்டியிருக்கிறது.

அடுத்தது ஆண்டு. அட்டையில் 1891 என்று போட்டிருந்தால் விவரம் பெரும்பாலும் அதற்கு முந்தைய ஆண்டில் திரட்டியது. மாவட்ட டைரக்டரிகளோ ஆண்டுதோறும் வரவில்லை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வந்தன. இரண்டு பதிப்புகளுக்கு நடுவே திறந்து நொடித்துப்போன கடைக்கு அங்கே இடமே இல்லை. குடிக்கணக்கு இன்னும் மோசம். அன்றிரவு அந்த வீட்டில் யார் தூங்கினார்கள் என்பதுதான் அதன் கேள்வி. முதலாளி வேறு தெருவில் குடியிருந்தால் கடை கணக்கில் வராமலே போகலாம். இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கு 1942இல் தீயில் போயிற்று. 1941இல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. 1951 கணக்கு இன்னும் திறக்கப்படவில்லை. 1921க்குப் பிறகு நம் கையில் இருப்பது, போர் தொடங்கியதும் எடுத்த 1939 செப்டம்பர் மக்கள் பதிவேடு ஒன்றுதான்.

இப்போது கட்டடத்துக்குள் வாருங்கள். நேராக நிலவறைக்கு இறங்குவோம்.

அங்கே செங்கல் அடுப்பின் வாய் ஒன்று அடைபட்டுக் கிடக்கிறது, சுற்றிலும் கரி படிந்திருக்கிறது என்று வையுங்கள். இது ரொட்டிக்கடையின் அடுப்பு. 1895ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், புதிதாக நிலத்தடி ரொட்டிக் கூடம் வைப்பதைத் தடை செய்தது. அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தவை மட்டும் தப்பின. அப்படியானால் இந்த அடுப்பு 1896 பிறப்பதற்கு முன்பே எரிந்திருக்க வேண்டும். மேலே அப்போது மளிகைக் கடை இருந்தது என்று டைரக்டரி சொல்லலாம். அது பொய்யும் அல்ல. முன்பக்கம் மளிகை விற்றவரே கீழே ரொட்டி சுட்டிருக்கலாம். ஆனால் ஏட்டில் அவருக்கு அச்சிட்ட சொல் ஒன்றே ஒன்றாக இருக்கலாம்!

மேலே ஏறுங்கள். சுவர் முழுக்க வெள்ளை ஓடு, கூரையடியில் கொக்கி மாட்டும் இரும்புத் தண்டவாளம், தெருப்பக்கம் மேலே தூக்கித் திறக்கும் சட்டச் சன்னல், தரையில் வடிகாலை நோக்கி ஒரு சரிவு. கறிக்கடை என்று சொல்ல எந்த ஏடும் வேண்டாம். சன்னலடியில் சாய்ந்த பளிங்குப் பலகை இருந்தால் மீன்கடை. வெளிச்சுவரில் அடைத்த சிறு உலோக வாய் இருந்தால், கடைக்காரர்கள் இரவில் பணப்பையைப் போட்டுவிட்டுப் போன வங்கி. வாசற்படியின் மிதியடியைத் தூக்குங்கள்: நுழைவுத் தரையில் பழைய கடையின் பெயரை மொசைக் கல்லில் பதித்திருப்பார்கள். பலகையைக் கழற்றலாம், தரையை யார் பெயர்ப்பார்கள்? அதனால்தான் எட்டுக் கடை மாறியும் அந்தப் பெயர் நிற்கிறது.

முகப்பின் தூண்களையும் எண்ண வேண்டும். கடைமுகப்பின் இரு ஓரத்திலும் தூண், அதன் தலையில் செதுக்கிய தாங்கி. தாங்கி மூன்று, நடுத்தூண் மட்டும் இல்லை என்றால் இரண்டு கடைகளை ஒன்றாக்கியிருக்கிறார்கள். உள்ளே அதே நேர்கோட்டில் கூரைக்கு அடியில் எஃகு உத்தரம் ஓடும், தரைப்பலகையின் போக்கும் மாறும். மாடிக்கு வழியே இல்லையா? கிளைக்கடை நிறுவனம் வந்தபோது விற்பனை இடத்துக்காகப் படிக்கட்டைப் பிடுங்கியிருப்பார்கள். கடைக்கு மேலே குடும்பம் வாழ்ந்த காலம் அன்றோடு முடிந்தது. எந்த டைரக்டரியில் இருக்கிறது இந்தச் செய்தி?

"ஆண்டு சொல்லுமா உங்கள் சுவர்?" என்று எதிரணி மடக்கினார்கள். நியாயமான கேள்வி. பல இடங்களில் சொல்லாது. அங்கே ஆண்டை அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. ஆனால் சொல்லும் இடங்களும் உண்டு. மாண்டேக் பர்ட்டன் தையல் கடைகள் பலவற்றில் முகப்பின் அடியில் நினைவுக்கல் இருக்கும். முதலாளியின் பிள்ளைகள் பெயரும் ஆண்டும் அதில் இருக்கும். பர்ட்டன் கடைகள் 2021இல் மூடிவிட்டன. இன்று அந்தக் கட்டடத்தில் யார் எதை விற்றாலும் கல் சாட்சி சொல்கிறது.

இன்னொன்று, இன்றைய நிலை. கெல்லி டைரக்டரிகள் பெரும்பாலும் 1970களோடு நின்றன. அதன் பிறகு எதிரணியின் பெரிய துணை, கட்டடத்தின் பயன்பாட்டை மாற்ற உள்ளாட்சி தரும் அனுமதிக் கோப்புகள். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 1 முதல் கடை, உணவகம், அலுவலகம், மருத்துவ நிலையம் எல்லாம் 'இ' என்ற ஒரே பயன்பாட்டு வகுப்பு. துணிக்கடை காபிக்கடையாக மாறினால் அந்தப் பயன் மாற்றத்துக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. கேட்காத அனுமதிக்குக் கோப்பு ஏது? ஏடு மெலிந்துகொண்டே வருகிறது, நடுவர் அவர்களே!

கட்டடத்தைப் படிக்கவும் முறை உண்டு. சுவரில் மங்கிய விளம்பர எழுத்தை, மழையில் செங்கல் நனைந்திருக்கும்போது பாருங்கள், தெளியும். குழித்த எழுத்தை, வெயில் பக்கவாட்டில் விழும் காலையிலோ மாலையிலோ படம் எடுங்கள். பழைய கூரைத் தகட்டையோ பலகைக்குப் பின்னாலிருக்கும் அட்டையையோ நீங்களாக உடைக்காதீர்கள். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை 1999இல்தான் வந்தது; அதற்கு முந்தைய வேலை என்றால் பரிசோதித்த பிறகே தொட வேண்டும்.

எல்லாவற்றையும்விட, கடை கைமாறும் அந்த இரண்டு மூன்று நாளைத் தவறவிடாதீர்கள். பிளாஸ்டிக் பெயர்ப்பெட்டியைக் கழற்றியதும், அதன் பின்னால் பழைய மரப்பலகையில் தங்க எழுத்து தெரியும். சில இடங்களில் அதற்கும் கீழே வேறொரு பெயர் மங்கலாக எட்டிப்பார்க்கும். எதிரணியின் டைரக்டரி அடுத்த ஆண்டும் ஆவணக் காப்பகத்தில் அதே அலமாரியில் இருக்கும். புதுக் கடைக்காரரின் பலகையை ஏற்றப்போகும் ஏணியோ வாசலில் வந்து நிற்கிறது. நேராக எதிரில் நின்று ஒரு படம், இரு ஓரத்தில் நின்று இரண்டு, அளவுகோலை எழுத்தோடு சேர்த்து வைத்து ஒன்று. நான்கு படங்கள், ஆணி இறங்குவதற்குள்.