எந்தப் பக்கம், கண்ணு?

பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களே, மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, பணிச்சுமைக்கிடையிலும் வந்திருக்கும் புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்களே, இம்மண்டபத்தை வாடகையின்றித் தந்துதவிய வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, என்னைப் போல் மார்பகப் புற்றுநோயோடு வாழும் சகோதரிகளே, அனைவருக்கும் பணிவான வணக்கம். இந்நோயைக் கடந்த பெண்கள், புதிதாக நோயுற்ற பெண்களுக்குத் துணை நிற்பதைப் பற்றிப் பேச வந்தேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மார்பகத்தை அகற்றிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் என் குடும்பத்தார் அன்பில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆயினும் அவர்களிடம் கேட்க நாக்கூசிய கேள்விகள் என்னிடம் இருந்தன.

கீமோ என்னும் மருந்துச் சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு காலையில், நான் முந்தானையை இழுத்து இழுத்து மூடுவதைக் கண்ட பூக்கார அம்மாள் ஒருவர், "எந்தப் பக்கம், கண்ணு?" என்று கேட்டார். இடப்பக்கம் என்றேன். உடனே என் கையைப் பிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்று, தம் ரவிக்கையின் உட்புறம் தைத்திருந்த பையைக் காட்டினார். "பஞ்சு மட்டும் வெச்சா கனம் பத்தாது, தோள் ஒரு பக்கமாச் சாஞ்சுரும், கடுகு போட்டுத் தெச்சுக்க" என்றார். சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல ஏறிக் கையை உயர்த்தவும், எட்டிய இடத்தில் பென்சிலால் கோடிடவும், அறுவை நடந்த பக்கத்துக் கையில் ஊசி போட விடாதிருக்கவும், கரண்ட் வைக்கும், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் நாள்களில் பருத்தித் துணியே உடுத்தவும் அவர்தாம் சொல்லித் தந்தார். பின்னொரு நாள், புதிதாக வந்து அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் அதே கேள்வியை நான் கேட்டேன். நோயாளி என்ற ஒற்றைப் பெயர் அன்றுதான் என்னை விட்டு நீங்கியது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கோ தன்னைச் சேர்ந்தவருக்கோ வந்தபின் பிறருக்காக எழுந்தவர்கள் உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாயிற்று. நியூயார்க்கில் மார்பகம் அகற்றப்பட்ட டெரீஸ் லாசர், 1952 முதல் தம்மைப் போன்ற பெண்களைத் தேடிச் சென்று துணிவூட்டினார். 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அப்பணியைத் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது.

ஆகவே ஆட்சித் தலைவர் அவர்களிடம் எங்கள் கோரிக்கை இதுதான்: கீமோ அளிக்கப்படும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் அறை வேண்டும், சிகிச்சை முடித்த பெண்களை மதிப்பூதியமும் பேருந்துக் கட்டணமும் கொடுத்து அங்கே அமர்த்த வேண்டும். பூக்கார அம்மாளைச் சந்திப்பது ஒருத்தியின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. இக்கோரிக்கையைக் கூறும் தீர்மானத்தின் நகல் வாயிலருகே மேசையில் உள்ளது. சகோதரிகளும் உடன் வந்திருக்கும் கணவன்மார்களும் கையொப்பமிட்டுச் செல்லுமாறு வேண்டுகிறேன். வணக்கம்.