கை பாத்திரம் கழுவுகிறது, மனசு எங்கே போனது?

(திரையில்: குழாயடி, நுரை, ஒரு எவர்சில்வர் டம்ளர்)

இரவு ஒன்பதரை மணி. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள். தண்ணீர் வருகிறது, சோப்பு இருக்கிறது, பக்கத்தில் நின்று யாரும் நச்சரிக்கவில்லை. ஆனாலும் முகம் கடுகடுவென்று இருக்கிறது. மதியம் மேனேஜர் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னார். அப்போது சொல்லாமல் விழுங்கிய பதிலை இப்போது டம்ளரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, இந்த நிமிடம் உங்களை வாட்டுவது பாத்திரமா, நினைப்பா?

இதை அளந்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினார்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வர்த்தும் டேனியல் கில்பர்ட்டும். ஐபோனுக்கு ஒரு ஆப் தயாரித்தார்கள். நாளில் ஏதோ ஒரு நேரத்தில் அது கூப்பிடும், மூன்று கேள்வி கேட்கும். இப்போது எப்படி இருக்கிறீர்கள்? என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? செய்கிற வேலையை விட்டு வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருந்தீர்களா?

(திரையில்: 46.9%)

2,250 பேரின் பதில்களை வைத்து 2010-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். கேட்ட நேரங்களில் 46.9 சதவீதம் மனசு வேலையில் இல்லை. கிட்டத்தட்ட பாதி வாழ்க்கை! அப்படி மனசு வெளியே போயிருந்த நேரங்களில், கையில் எந்த வேலை இருந்தாலும், மக்கள் குறைவான மகிழ்ச்சியோடுதான் இருந்தார்கள்.

ஒரே ஆளின் மகிழ்ச்சி நேரத்துக்கு நேரம் ஏறி இறங்குகிறது அல்லவா? அந்த ஏற்ற இறக்கத்தில் என்ன வேலை செய்தார் என்பதை வைத்து விளக்க முடிந்தது 4.6 சதவீதம். மனசு அந்த வேலையில் இருந்ததா என்பதை வைத்து விளக்க முடிந்தது 10.8. இரட்டிப்புக்கும் மேல். ஆனால் இரண்டையும் கூட்டினாலும் 16 கூட வரவில்லை, கவனியுங்கள். 'எல்லாமே உன் எண்ணத்தில்தான் இருக்கிறது' என்று மேடையில் முழங்குபவர்களுக்கு இந்த ஆய்வு துணைக்கு வராது. வாடகை கட்டப் பணமில்லாதவரிடம் போய் எண்ணத்தை மாற்று என்பது அராஜகம்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. மனசு எங்கே போயிருந்தது என்றும் கேட்டிருந்தார்கள்: நல்ல நினைப்பா, சாதாரணமா, கசப்பா? கசப்பான நினைப்பு ஆளைக் கீழே இழுத்தது, அதில் ஆச்சரியமில்லை. சாதாரண நினைப்பும் இழுத்தது. இனிப்பான பகல்கனவு? அதில் மிதந்தவர்கள், கையிலிருந்த வேலையிலேயே மனசை வைத்திருந்தவர்களைவிட ஒரு துளிகூட அதிகம் சந்தோஷமாக இல்லை. 'நல்லதையே நினை' என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் சங்கடப்படுவார்கள்.

'மனசு சரியில்லாததால்தானே அலைபாய்கிறது?' நியாயமான சந்தேகம். அதற்காக எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்றும் பார்த்தார்கள். பெரும்பாலும் அலைச்சல் முதலில், வாட்டம் அப்புறம்.

ஒரு குறை இருக்கிறது. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் இருந்தவர்கள், ஐபோன் வாங்க வசதி உள்ளவர்கள். வெயிலில் கல் சுமக்கும் ஒருவருக்கு மனசு அங்கேயே இருப்பது ஆறுதலா, வேறெங்காவது ஓடிப்போவது ஆறுதலா? இந்த எண்களை வைத்துச் சொல்லிவிட முடியாது.

(திரையில்: போன் அலாரம்)

நீங்களே சோதிக்கலாம். நாளை ஐந்து அலாரம் வையுங்கள், கண்ட கண்ட நேரத்தில். அடித்ததும் அதே மூன்று கேள்வி. நான் வைத்துப் பார்த்தேன். ஐந்தில் நான்கு தடவை ஆள் ஊரிலேயே இல்லை. நாலாவது அலாரம் அடித்தபோது தட்டில் பாதி தோசை இருந்தது. அது மூன்றாவது தோசை என்று வீட்டில் சொன்னார்கள். முதல் இரண்டை எந்தச் சட்னியோடு சாப்பிட்டேன் என்று இன்றுவரை தெரியாது.