வானொலிக்கு யார் முதலாளி?

தலைவர் அவர்களே, சுங்கை சிப்புட் அன்பர்களே, வணக்கம்.

வானொலி என்றதும் நான் அறிவிப்பாளர்களின் குரலைப் புகழப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, முதலாளிகளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அரசாங்கத்தின் தமிழ் ஒலிபரப்பு ரேடியோ மலாயா காலத்திலிருந்தே இருக்கிறது. 1963-ல் ரேடியோ மலேசியா, அப்புறம் ரேடியோ 6, 2005-லிருந்து மின்னல் எஃப்.எம். பெயர்தான் மாறியது, முதலாளி மாறவில்லை. அதனால் செய்தி, நாடகம், நேயர் விருப்பம் என்று எல்லாருக்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டியிருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, ரப்பர் பால் வெட்டி, சாயங்காலம் லயத்து வீட்டுப் படியில் உட்கார்ந்து நாடகம் எழுதி அனுப்பியவர்கள் நம் தோட்டங்களில் உண்டு.

தனியார் கதை வேறு. 1994-ல் டைம் ஹைவே ரேடியோ வந்தது. பெயரிலேயே நெடுஞ்சாலை! தமிழ் அதில் ஒரு பங்குதான். பின்னால் அது ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது; தமிழுக்குத் தனி நிலையமாக ராகா கிடைத்தது. லாபம்தான், மறுக்கவில்லை. என் காரிலும் அதுதான் பாடுகிறது. ஆனால் விளம்பரக்காரருக்குப் பிடித்த நேரம், நெரிசலில் கார் ஓட்டுகிறவர் கேட்கும் நேரம். அவர் வானொலியை நடுவில் திருப்புவார், நடுவில் அணைப்பார். பாட்டுக்கு அது போதும். அரைமணி நாடகம் அங்கே எப்படிப் பிழைக்கும்? இருபத்துநான்கு மணி நேரமும் தமிழ் ஒலிக்கிறது. தோட்டத்துக்காரன் எழுதிய ஒரு வசனத்துக்கு இடமில்லை.

இந்த ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டத்துக்குப் பங்காளி ஆனார்கள். வானொலியை அப்படி வாங்க முடியாது. அலைவரிசைக்கு அரசாங்க உரிமம் வேண்டும். சரி, இணையத்தில் ஒலிபரப்ப இன்று என்ன வேண்டும்? ஒரு கைப்பேசி, ஒரு மைக், வாரம் ஒருமுறை உட்கார நாலு பேர்.

கூட்டம் முடிந்ததும் பின்னால் ஒரு நோட்டு இருக்கும். வானொலிக்கு நாடகம் எழுதியவர்கள், நடித்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் பெயர் எழுதுங்கள். பழைய கேசட் இருந்தால் பாட்டுப் பதிந்து அழிக்காமல் கொண்டு வாருங்கள். முதல் பதிவை இந்த மண்டபத்திலேயே செய்யலாம். மின்விசிறியை மட்டும் நிறுத்த வேண்டும், சத்தம் அதிகம்.