ஒரே கூரை, இரண்டு கணக்கு: இங்கிலாந்தின் பழைய பங்குக் கோவில்கள்

[திரையில்: பிளேக்னி கோவில், தெற்கிலிருந்து]

இது இங்கிலாந்தில் நார்ஃபோக்கின் வடக்குக் கடற்கரையில் உள்ள பிளேக்னி என்ற ஊர். இடைக்காலத்தில் கப்பல்கள் வந்துபோன துறைமுகம். மேட்டில் தெரிவது புனித நிக்கோலஸ் கோவில், அந்த ஊர்ப் பங்கின், அதாவது ஊர்க் கிறிஸ்தவச் சமூகத்தின், தேவாலயம். மேற்கே உயரமான கோபுரம், அதை ஒட்டி விசாலமான கூடம். கிழக்கே வந்தால் கூரை தாழ்ந்து, கட்டடம் ஒடுங்கிவிடுகிறது. ஒடுங்கிய அந்தப் பகுதி 13ஆம் நூற்றாண்டு வேலை. கூடத்தை 15ஆம் நூற்றாண்டில் புதிதாக எழுப்பினார்கள். புதிதாகக் கட்டியவர்கள் கிழக்குப் பகுதியை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

அந்தப் பகுதியின் செலவு பொதுவாக ஊரார் கணக்கில் வராது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

[திரையில்: தரைப்படம், கிழக்குப் பகுதி சிவப்பில்]

கிழக்குக் கோடியில் பீடம் இருக்கும் பகுதிக்கு சான்சல் என்று பெயர். மக்கள் நிற்கும் கூடம் நேவ். ஊரார் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுத்தார்கள். அதை வாங்குகிறவர் ரெக்டர். சான்சலைப் பழுது பார்ப்பது அவர் பொறுப்பு. நேவும் கோபுரமும் பங்குமக்கள் தலையில். பல ஊர்களில் ரெக்டர் என்பது தொலைவில் இருந்த ஒரு மடம். தானியம் மடத்துக்குப் போகும், பூசை வைக்க ஊரில் விகார் என்ற பாதிரியார் ஒருவர் இருப்பார். சான்சலை அழகுபடுத்த அந்த மடத்துக்கு என்ன அவசரம்?

ஒரு காலத்தில் சான்சல்களுக்கும் நல்ல நேரம் இருந்தது. பூசையில் வைக்கும் அப்பமும் திராட்சை இரசமும் உண்மையாகவே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்று 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபை மாநாடு அறுதியிட்டது. பீடத்தைச் சுற்றி நடப்பதன் மதிப்பு கூடியது. அந்த நூற்றாண்டில் பல ஊர்களில் சான்சலை நீட்டிக் கட்டினார்கள். கூர்முனை வைத்த ஒடுக்கமான ஜன்னல்கள் வரிசையாகத் தெரிந்தால், பெரும்பாலும் அந்தக் காலம்தான்.

அப்புறம் ஆட்டம் நேவ் பக்கம் திரும்பியது.

[திரையில்: அனிமேஷன். சுவரில் வளைவுகள் திறக்கின்றன]

கூட்டம் பெருகினால் கூடத்தை எப்படி அகலப்படுத்துவது? பழைய சுவரை முழுதாக இடிக்க வேண்டியதில்லை. அதில் வளைவுகளைத் திறந்து, அடியில் தூண்களை நிறுத்தி, வெளிப்பக்கம் ஒரு பக்கக்கூடத்தைச் சேர்த்துவிடலாம். இடம் கிடைத்தது, ஆனால் நடுக்கூடம் இருண்டது. ஜன்னல்கள்தான் தள்ளிப் போய்விட்டனவே. அதனால் நடுச்சுவரை மேலே உயர்த்தி, பக்கக்கூடத்துக் கூரைக்கு மேல் ஒரு ஜன்னல் வரிசை வைத்தார்கள். கூரை இப்படி மாறிய கோவில்களில், கோபுரத்தின் கிழக்கு முகத்தைக் கவனியுங்கள். பழைய கூரை முட்டிய இடம் முக்கோணத் தழும்பாகத் தெரியும். கோவிலின் வயதைக் கணிக்க, வழிகாட்டிப் பலகையைவிட நான் அந்தத் தழும்பைத்தான் நம்புவேன்.

இதற்கெல்லாம் பணம்? நார்ஃபோக்குக்குப் பக்கத்து மாவட்டமான சஃபோக்கில் கம்பளித் துணி வியாபாரம் கொடுத்தது. அங்கே லாங் மெல்ஃபோர்டில் 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்த கோவிலின் வெளிச்சுவரில் நீளமாக எழுத்துகள் ஓடும். நன்கொடை கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லி, ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கின்றன. இறந்தபின் ஆன்மா பாவம் தீர வேதனைப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தின் பயம் இருந்ததால், கொடுத்தது இன்னார் என்று தெரிந்தாக வேண்டும்.

[திரையில்: வென்ஹாஸ்டன் ஓவியம்]

நேவுக்கும் சான்சலுக்கும் நடுவே மரத்தடுப்பு. அதற்கு மேல் பெரிய சிலுவை, இருபுறமும் மாதாவும் யோவானும். சிலுவைக்குப் பின்னால் பல ஊர்களில் பொதுத்தீர்வை ஓவியம், அதாவது உலக முடிவில் கிறிஸ்து தீர்ப்பு வழங்கும் காட்சி. இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்த சீர்திருத்தக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், சிலுவைகளை இறக்கி, ஓவியங்கள் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். சஃபோக்கின் வென்ஹாஸ்டனில் 1892-ல் பழுதுபார்த்தபோது, வெள்ளையடித்த பழைய பலகைகளைக் கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். மழை பெய்து சுண்ணாம்பு கரைந்தது. உள்ளே இருந்த பொதுத்தீர்வை வெளியே வந்தது. அதன் நடுவில் வண்ணமே படாத வெற்றுருவங்கள் உண்டு. சிலுவையும் சிலைகளும் பொருத்தியிருந்த இடங்கள் அவை. வேறு பல கோவில்களில் சான்சல் வளைவுக்குப் பக்கத்துச் சுவரில் சின்னப் படிக்கட்டு ஒன்று ஏறி, அந்தரத்தில் முடியும். தடுப்பின் மேல்தளத்துக்குப் போன வழி. தளத்தை எடுத்தவர்கள் படிக்கட்டை அப்படியே விட்டுவிட்டார்கள்.

சரி, ரெக்டரின் கணக்கு என்ன ஆனது? 1536 முதல் 1540 வரை மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தார். அவற்றின் தசமபாக உரிமைகள் பலவும் தனியார் கைக்குப் போயின. கூடவே சான்சல் செலவும் போனது. பிறகு தசமபாகத்துக்கு ஈடாக நிலம் ஒதுக்கிய ஊர்களில் அந்தப் பொறுப்பு நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. வார்விக்ஷயரின் ஆஸ்டன் கான்ட்லோவில் அப்படிப்பட்ட நிலத்தை வைத்திருந்தவர்களிடம் சான்சலைச் சீரமைக்கச் சுமார் 95,000 பவுண்டு கேட்டார்கள். வழக்கு அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 2003-ல் கோவில் தரப்பு வென்றது. என் கணக்கில் இது அநியாயம். சட்டத்தின் கணக்கு வேறு. 2013 அக்டோபருக்குப் பிறகு, நிலப்பதிவேட்டில் குறிக்காத பொறுப்பு புதிதாக விலை கொடுத்து வாங்குகிறவரைப் பொதுவாகக் கட்டாது. ஆனாலும் அங்கே வீடு வாங்கும்போது பல வழக்கறிஞர்கள் சான்சல் வில்லங்கம் உண்டா என்று இப்போதும் தேடிப் பார்க்கிறார்கள். அதற்கென்றே இன்சூரன்ஸ் பாலிசியும் கிடைக்கிறது.