ஒரே ஒரு பூப்பு

நேயர்களுக்கு வணக்கம். நீலக்குறிஞ்சியைப் பற்றிப் பேச யார் அழைத்தாலும் போய்விடுவேன். இன்று அதோடு ஓர் ஆஸ்திரேலியக் குட்டி விலங்கையும் சேர்த்துக்கொள்கிறேன்.

2018-இல் மூணாறு மலைகள் நீலமானதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் 2006, அதற்கும் முன் 1994. 12 வருடம் வெறும் இலையும் தண்டுமாக நிற்கும் செடி, அந்தச் சரிவிலுள்ள மற்ற குறிஞ்சிகளோடு ஒன்றாகப் பூக்கிறது. விதை முற்றியதும் காய்ந்து செத்துவிடுகிறது. பூவைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். காய்ந்த மலையைப் பார்க்க யாரும் போவதில்லை. ஒருமுறை போய்ப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய வரை குச்சிகள்தான். குறிஞ்சி அப்போது அநேகமாக விதையாக மட்டுமே இருக்கும். மறுபடியும் சொல்கிறேன், மண்ணுக்குள் விதையாக மட்டுமே.

சரி, அந்த விலங்குக்கு வருவோம். பெயர் ஆன்டிகைனஸ். பார்க்க எலி மாதிரி இருக்கும், ஆனால் கங்காருவைப் போலப் பைப்பாலூட்டி. கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகளில் பூச்சி தின்று வாழ்கிறது. இனச்சேர்க்கைப் பருவம் சில வாரம்தான். அந்த நாட்களில் ஆணின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறிக்கொண்டே போகும். நோய் எதிர்ப்பு சக்தி குலைந்து, வயிற்றில் புண் வந்து, ஒரு வயது நிறைவதற்குள் ஆண்கள் எல்லாமே இறந்துவிடும். அப்புறம் குட்டிகள் பிறக்கும் வரை காட்டில் ஆணே கிடையாது. அடுத்த தலைமுறை ஆண்கள் தாயின் வயிற்றில்தான் இருக்கிறார்கள், மண்ணில் கிடக்கும் குறிஞ்சி விதை போல.

ஆனால் தாய் சாவதில்லை, கவனித்தீர்களா? குறிஞ்சி விதைக்குத் தாய் தேவையில்லை, முளைக்க வேண்டிய உணவு அதற்குள்ளேயே இருக்கிறது. குட்டிக்கோ பால் வேண்டும். அதனால் செடி முழுதாகச் சாகிறது, விலங்கில் ஆண் மட்டும் சாகிறது. எனக்கு இதை நினைக்க நினைக்க ஆச்சரியம் தீரவில்லை.

இப்படி ஒரே நேரத்தில் எல்லாம் சேர்ந்து பூப்பதால் என்ன லாபம் என்றும் விரிவாகச் சொல்ல நினைத்தேன். நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். தின்பவை தின்றது போக விதை மிஞ்சும், அவ்வளவு சொன்னால் போதும். மூணாறில் அடுத்த பூப்பு 2030. கொத்தாக ஒடித்துக் காரில் வைத்துக் கொண்டுவராதீர்கள். ஒடித்த கிளையில் விதை முற்றாது, அந்தச் செடிக்கு இன்னொரு பூப்பும் கிடையாது. நன்றி, வணக்கம்.